ஆண்டு 2000 கோளாறு: பழி யாருக்கு?

(மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அம்மையார் அவர்களே, வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஆசிரியப் பெருமக்களே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்று கேட்க முன்வந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்கு என் நன்றி. இந்த அரங்கை வாடகையின்றித் தந்து, ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்து கொடுத்த நூலக அலுவலர் அம்மையாருக்கு இந்த ஊரே கடமைப்பட்டிருக்கிறது. கடையில் கூட்டம் சேரும் வேளையில் அதை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்து மேடையில் அமர்ந்திருக்கிறார் வணிகர் சங்கத் தலைவர். அவருக்குத் தனியே ஒரு வணக்கம். அவருடைய தொழிலை ஒட்டிய செய்தி ஒன்று என் பேச்சில் வருகிறது. அதற்காகவே அவர் அவசியம் வர வேண்டும் என்று செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த தலைமையாசிரியர் ஐயா அவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் எண்களைப் பற்றிப் பேசுவதை என் பேறாகக் கருதுகிறேன்.

நான் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 1999 டிசம்பர் 31 இரவு, 2000 பிறந்ததும் கணினிகள் தடுமாறுமோ என்ற அச்சத்தில், வீட்டுக்குப் போகாமல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அன்று உலகம் முழுவதும் எங்களைப் போல இலட்சக்கணக்கானவர்கள் விழித்திருந்தார்கள். விடிந்தது. விளக்குகள் எரிந்தன, தண்ணீர் வந்தது, விமானங்கள் பறந்தன. உடனே ஒரு குரல் எழுந்தது: "ஒன்றுமே நடக்கவில்லையே! ஒய்2கே என்று சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டார்களே!" ஒய்2கே என்பது ஆண்டு 2000 கோளாறுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய சுருக்கப் பெயர். அந்தக் குரல் இன்றுவரை ஓயவில்லை. ஆனால் நடக்க வேண்டிய இடங்களில் நடக்கத்தான் செய்தது. நடந்த இடங்களில் பழி யார் தலையில் விழுந்தது, யார் தலையில் விழுந்திருக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நான்கு பேரை இந்த அவையின் முன்னால் நிறுத்தப் போகிறேன். கணினிக்கான கட்டளைத் தொகுப்பாகிய நிரலை எழுதியவர், இயந்திரத்தை விற்றவர், அதை வாங்கி நடத்தியவர், இவர்களுக்கெல்லாம் தரம் வகுத்த அரசு. நேரம் இருந்தால் ஐந்தாவதாகக் காப்பீட்டு நிறுவனங்களையும் அழைக்கிறேன். நம் முன்னோர் இந்த வழக்குக்கு எப்போதோ தீர்ப்பு எழுதி வைத்துவிட்டார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? இதைவிடத் தெளிவாக எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை.

2000-க்குப் பிறகு பிறந்த மாணவர்களுக்காகக் கோளாறு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழைய நிரல்களில் ஆண்டை இரண்டு இலக்கங்களில்தான் எழுதினார்கள். 1965 என்றால் 65. 1999 என்றால் 99. அடுத்த ஆண்டு 00. கழித்தல் கணக்கு தெரிந்த இயந்திரம் 00-இலிருந்து 65-ஐக் கழிக்கும்; விடை குறை அறுபத்தைந்து என்று வரும். முப்பத்தைந்து வயது ஆளுக்கு வயதே இல்லாமல் போகும், அல்லது குறியை விட்டுவிட்டு 65 வயது என்று எழுதி ஓய்வூதியம் கொடுக்கும். கடனுக்கு வட்டி போடும் நிரல், மருந்தின் காலாவதி பார்க்கும் நிரல், சம்பளப் பட்டியல் என்று தேதியைத் தொடும் எதுவும் தப்பாது. 2000-ஐ எட்டுவதற்கு முன்பே இதற்கு ஓர் அடையாளம் கிடைத்தது. 1992-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வினோனா என்ற ஊரில், 104 வயது மூதாட்டி ஒருவருக்கு மழலையர் பள்ளியில் சேர அழைப்பு வந்தது. அவர் பிறந்தது 1888. கணினியின் கண்ணுக்கு 88-இல் பிறந்த நான்கு வயதுக் குழந்தை.

சரி, இரண்டு இலக்கத்தில் எழுதியது யார்? நிரலர்கள். அப்படியானால் குற்றவாளி அவர்கள்தாம் என்று 1998, 1999-இல் பத்திரிகைகள் எழுதின. முன்யோசனை இல்லாதவர்கள், சோம்பேறிகள் என்றெல்லாம் வசைகள். அந்த நிரலர்கள் வேலை செய்த நிலைமையைச் சொல்கிறேன், கேளுங்கள். விவரங்களைத் துளைகளாகப் பதிந்து கணினிக்குக் கொடுக்கும் துளையட்டை என்று ஒன்று இருந்தது. ஓர் அட்டையில் எண்பது கட்டங்கள். ஒரு மனிதரைப் பற்றிய விவரம் முழுவதும் அந்த எண்பதுக்குள் அடங்க வேண்டும்: பெயர், எண், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, தொகை எல்லாம். 1959-இல் ஐபிஎம் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் அறிவித்த 1401 என்ற கணினி வணிக நிறுவனங்களில் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் தொடக்க வகையில் நினைவகம் 1,400 எழுத்துகள். 14 இலட்சம் அல்ல, ஆயிரத்து நானூறு. இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியில் ஒரு வாழ்த்துச் செய்தி அதைவிட நீளமாக இருக்கும். அந்த இடத்துக்குள் நிரலையும் அடைத்து, தரவையும் அடைத்து, ஒரு நிறுவனத்தின் சம்பளத்தைப் போட்டுக் காட்டிய அந்த நிரலரைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு நா எழும்? பத்து இலட்சம் பேரின் பதிவேட்டில், ஆளுக்கு மூன்று தேதி என்று வைத்தாலும், 19 என்ற இரண்டு இலக்கத்தை விட்டால் அறுபது இலட்சம் எழுத்துகள் மிச்சம். அந்த மிச்சம் நிரலர் வீட்டுக்குப் போகவில்லை. முதலாளியின் கணக்கில் சேர்ந்தது.

அமெரிக்க மைய வங்கியின் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பன் 1998-இல் செனட் குழுவின் முன்னால் இதை வெளிப்படையாகச் சொன்னார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தாமே அப்படிப்பட்ட நிரல்களை எழுதியதாகவும், ஆண்டுக்கு முன்னால் 19 போடாமல் இடத்தை மிச்சப்படுத்தியதில் அப்போது பெருமைப்பட்டதாகவும் கூறினார். அந்த நாளில் அது திறமை. பாராட்டும் சம்பள உயர்வும் பெற்ற திறமை.

அடுத்தது, எச்சரிக்கை. நிரலர்கள் வாய் திறக்கவில்லையா? திறந்தார்கள். பாப் பெமர் என்பவர் ஐபிஎம்மில் பணியாற்றியவர். கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் ஆஸ்கி முறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர். அவர் 1971-இலேயே அச்சில் எழுதினார். 1979-இல் மறுபடியும் எழுதினார். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதுவதைக் கைவிடுங்கள், நூற்றாண்டு முடியும்போது சங்கடம் வரும் என்றார். கேட்பாரில்லை. 1993-இல் கனடாவைச் சேர்ந்த பீட்டர் டி ஜாகர் ஒரு கணினி வார இதழில் எழுதிய கட்டுரைதான் நிர்வாகிகளின் தூக்கத்தைக் கலைத்தது. இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் நினைவகத்தின் விலை சரிந்துகொண்டே வந்தது. திருத்துவதற்கு வழி இருந்தது. நிரலருக்குக் கை இருந்தது, அறிவு இருந்தது, உத்தரவு மட்டும் இல்லை. "இப்போது ஓடுகிறதல்லவா, ஓடட்டும்" என்று மேலிடம் சொன்னது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

அரசின் பங்கைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 1968-இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பு, அரசுக் கணினிகளுக்குள் பரிமாறிக்கொள்ளும் தேதிக்கு ஆறு இலக்க முறையை வெளியிட்டது: ஆண்டுக்கு இரண்டு, மாதத்துக்கு இரண்டு, நாளுக்கு இரண்டு. அரசே அச்சடித்துக் கொடுத்த அளவுகோல் அது.

இப்போது வணிகர் சங்கத் தலைவர் அவர்களுக்காக நான் கொண்டுவந்த கதை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டி வாரன் என்று ஓர் ஊர். கார் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே 'புரொட்யூஸ் பேலஸ்' என்ற பெரிய காய்கனிக் கடை. 1995-இல் கடைக்காரர்கள் ஏறத்தாழ ஒரு இலட்சம் டாலர் செலவழித்து, பணம் வாங்கும் இயந்திரங்களைப் புதிதாக வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கணினியோடு இணைத்தார்கள். புத்தம் புதுச் சரக்கு, பழைய துளையட்டைக் காலத்தது அல்ல என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2000 பிறக்க ஐந்து ஆண்டுகளே இருந்தபோது விற்ற இயந்திரம்.

கடையில் கூட்டம் நிற்கிறது. ஒவ்வொரு கல்லாவிலும் வரிசை. கூடையில் தக்காளி, கீரை, பழம். ஓர் அம்மையார் கடன் அட்டையை நீட்டுகிறார். அந்த அட்டை காலாவதியாகும் ஆண்டு 2000. அட்டையில் அச்சிட்டிருப்பது 00. கல்லாவில் இருக்கும் பெண் அட்டையைத் தேய்க்கிறார். அந்த ஒரு கல்லா மட்டும் நின்றால் பக்கத்துக் கல்லாவுக்குப் போகச் சொல்லலாம். அந்தக் கடையில் எல்லாக் கல்லாவும் நின்றது! ஒரே ஓர் அட்டை, கடை முழுவதும் முடக்கம். ரொக்கம் வைத்திருப்பவரும் நிற்கிறார், அட்டை வைத்திருப்பவரும் நிற்கிறார். தலைவர் அவர்களே, மாலை ஆறரை மணிக்கு உங்கள் கடையில் அத்தனை தராசும் ஒரு நொடியில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். (தலைவர் தலையசைக்கிறார்.) நம் ஊரில் மனிதர்கள் பழகியவர்கள், "நாளைக்குக் கொடுங்கள் அண்ணாச்சி" என்று நோட்டில் எழுதிக்கொள்ளலாம். அங்கே அது நடக்காது. வாடிக்கையாளர் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போகிறார். கீரை வாடுகிறது.

முதலில் காரணம் யாருக்கும் புரியவில்லை. யார் மேல் சந்தேகம் வரும்? கல்லாவில் இருக்கும் பெண்ணின் மேல். "என்ன அழுத்தினாய்? எப்படித் தேய்த்தாய்?" பழுதுபார்ப்பவரை அழைத்தார்கள். அவர் வந்தார், ஓடவைத்தார், போனார். மறுபடியும் நின்றது. மறுபடியும் அழைத்தார்கள். இப்படி அழைத்து அழைத்துச் சலித்தபின், இந்த 00-தான் கடையை நிறுத்துகிறது என்று தெரியவந்தது. 2000 வருவதற்கு முன்பே 2000 அந்தக் கடைக்குள் வந்துவிட்டது.

1997-இல் கடைக்காரர்கள் இயந்திரத்தை உருவாக்கிய 'டெக்-அமெரிக்கா' என்ற நிறுவனத்தின் மீதும், அதை விற்ற உள்ளூர் முகவர் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். இந்தக் கோளாறுக்காக நீதிமன்றத்துக்குப் போன முதல் வழக்கு என்று உலகம் அதைக் குறித்து வைத்திருக்கிறது. உலகத்தின் வழக்கறிஞர்கள் எல்லாரும் மிச்சிகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருவாக்கியவர் குற்றவாளியா, விற்றவரா, எச்சரிக்கையில்லாமல் வாங்கியவரா என்று ஒரு நீதிபதி சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்கள். 1998-இல் வழக்கு முடிந்தது. எப்படி? சமரசம். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். கடைக்காரருக்கு நட்டம் ஈடாயிற்று, நல்லது. ஆனால் "குற்றம் இன்னாருடையது" என்ற தீர்ப்பு எழுதப்படவே இல்லை. கல்லாவில் நின்ற அந்தப் பெண் வசை வாங்கினாரா, அவரிடம் யாராவது வருத்தம் தெரிவித்தார்களா? அதற்கு எந்த ஆவணமும் எனக்குக் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் இந்தக் கதையில் பெரிய மனக்குறை.

அதற்கடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டமே செய்தது. 1999 ஜூலை 20 அன்று அதிபர் கிளின்டன் அதில் கையெழுத்திட்டார். ஒய்2கே கோளாறால் நட்டப்பட்டவர் உடனே வழக்குப் போட முடியாது. முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விற்றவர் பதில் சொல்ல 30 நாள், சரிசெய்ய 60 நாள். இழப்புக்கு மேல் தண்டனையாக விதிக்கும் நட்டஈட்டுக்குச் சில வரம்புகள். வழக்குகள் மலைபோல் குவிந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. அந்த அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். விற்பவருக்கு 90 நாள் அவகாசம் தரும் சட்டம் வந்தது. இயந்திரத்தை இயக்கிய ஊழியருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் எங்கும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

"பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை" என்பவர்களுக்கு ஷெஃபீல்டைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உள்ள நார்தர்ன் ஜெனரல் மருத்துவமனையில், கருவுற்ற பெண்களின் இரத்தப் பரிசோதனையைக் கொண்டு, குழந்தைக்கு டவுன் நோய்க்குறி இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் கணினி இருந்தது. அந்தக் கணிப்புக்குத் தாயின் வயது மிக முக்கியம். 2000 ஜனவரி முதல் கணினி வயதைத் தப்பாகக் கணக்கிட்டது. மே மாதம்வரை யாருக்கும் தெரியவில்லை. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஆபத்து குறைவு என்று தவறான முடிவு போயிருந்தது. அந்தத் தாய்மார்கள் எடுத்த முடிவுகளை எந்தச் சமரசப் பணமும் மாற்ற முடியாது. மேடையில் இதைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் சென்னையில் தெருவுக்குத் தெரு கணினிப் பயிற்சி நிலையங்கள் இருந்தன. கோபோல் என்ற பழைய நிரல்மொழியைப் படிக்க இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதிய கோடிக்கணக்கான வரிகளைத் திருத்தும் வேலை டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ, சத்யம் போன்ற நிறுவனங்களுக்கு வந்தது. டிசிஎஸ் இந்த வேலைக்கென்றே சென்னையில் ஒரு பெரிய மையத்தை நடத்தியது. அமெரிக்கா 1998-இல், வெளிநாட்டு வல்லுநர்களுக்கு அங்கே வேலை செய்யத் தரும் எச்-1பி விசாவின் ஆண்டு வரம்பை 65,000-இலிருந்து 1,15,000-ஆக உயர்த்தியது. திருச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். டெல்லியில் மாண்டேக் சிங் அலுவாலியா தலைமையில் அரசு இந்தக் கோளாறைக் கவனிக்க ஒரு செயற்குழுவை அமைத்தது. உலகம் முழுவதும் இந்தத் திருத்தத்துக்கு 300 முதல் 600 பில்லியன் டாலர்வரை ஆகும் என்று கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் கணித்திருந்தது.

அந்தப் பிள்ளைகள் செய்த வேலை என்ன தெரியுமா? யாரோ முப்பது ஆண்டுக்கு முன் எழுதிய நிரலை, எழுதியவர் ஓய்வு பெற்றோ இறந்தோ போன பின், குறிப்பு எதுவும் இல்லாமல், வரி வரியாகப் படித்து, தேதி ஒளிந்திருக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பது. ஒரு வரியை விட்டுவிட்டால் ஒரு வங்கி நிற்கும். பகல் இரவு பார்க்காமல் செய்தார்கள். கோளாறு வராமல் காத்தார்கள். காத்ததற்குக் கிடைத்த பெயர், "பீதி கிளப்பிப் பணம் பறித்தவர்கள்"! இங்கே அம்பைக்கூட நோகவில்லை. மார்பில் பாய வந்த அம்பைப் பிடித்து நிறுத்தியவனை நோகிறார்கள். இந்த அவையில் அப்படிப் பணியாற்றிய இரண்டு மூன்று பேர் இருப்பதை நான் அறிவேன். உங்களுக்கு என் கைகூப்பிய வணக்கம். (கைதட்டல்.)

ஆனால் திருத்தியதிலும் ஒரு குறை இருந்தது. அதற்கும் மேலிடமே பொறுப்பு. எல்லா இடத்திலும் இரண்டு இலக்கத்தை நான்காக்கப் பணமும் நேரமும் தரவில்லை. குறுக்கு வழி ஒன்று இருந்தது. 00 முதல் 29வரை வந்தால் 2000-களில் வைத்துக்கொள், 30 முதல் 99வரை வந்தால் 1900-களில் வைத்துக்கொள் என்று நிரலுக்குச் சொல்லிவிடுவது. ஒழுகும் கூரையைப் பிரித்து மேயாமல் கீழே பாத்திரம் வைக்கிற வேலை. எக்செல் நெடுங்காலம் இதே எல்லையைத்தான் வைத்திருந்தது. இதனால் என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவர் 1927-இல் பிறந்தவர். ஓர் அலுவலகத்தில் முதியோர் பட்டியலைக் கணினியில் ஏற்றியபோது பிறந்த ஆண்டு 27 என்று பதிந்திருந்தது. இயந்திரம் அதை 2027 ஆக்கியது. இன்னும் பிறக்காதவருக்கு உதவித்தொகை எப்படித் தருவார்கள்? நின்றுபோயிற்று. பெரியம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனேன். அதிகாரி கோபத்தோடு கூப்பிட்டது யாரை? தினக்கூலிக்குத் தட்டச்சு செய்யும் ஒரு பெண்ணை. எல்லார் முன்னிலையிலும் திட்டினார். அந்தப் பெண் தாளில் இருந்ததை இருந்தபடி அடித்திருந்தார். பெரியம்மாதான் இடைமறித்தார்: "ஐயா, அந்தப் புள்ளைய ஏன் வையறீங்க? எழுதிக் கொடுத்த தாளப் பாருங்க." எழுத்தறியாத பெரியம்மாவுக்குத் தெரிந்த நியாயம் அந்த அலுவலகத்துக்குத் தெரியவில்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

இங்கேதான், அன்பர்களே, நான் பல ஆண்டுகளாகப் போகும் இடமெல்லாம் சொல்லிவரும் கோரிக்கைக்கு வந்து சேர்கிறேன். பழியைச் சரியான இடத்தில் வைக்க வேண்டுமானால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க முடிய வேண்டும். மிச்சிகன் கடைக்காரருக்கு அந்த நிரல் கண்ணில் படவில்லை. என் பெரியம்மாவின் பட்டியலை நடத்திய அதிகாரிக்கும் படவில்லை. மூலநிரல், அதாவது நிரலர் எழுதிய அசல் வரிகள், விற்றவரின் பெட்டிக்குள் பூட்டியிருக்கும்வரை, கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஆள் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்தான். பழி தெரிகிற ஆள் மேல்தான் விழும். ஆகவே மக்கள் பணத்தில் வாங்கும், மக்களை நேராகத் தொடும் ஒவ்வொரு மென்பொருளின் மூலநிரலும் மக்கள் கையில் இருக்க வேண்டும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை.

இதற்கு இங்கிலாந்தின் அஞ்சலகங்களை விடப் பெரிய சாட்சி வேண்டுமா? அது தேதிக் கோளாறு அல்ல. ஆனால் பழி போட்ட விதம் இதே விதம். 1999 முதல் அங்கே அஞ்சலகங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைப் புகுத்தினார்கள். பின்னாளில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. சிற்றூர்களில் கடையோடு சேர்த்து அஞ்சலகம் நடத்தியவர்களைத் திருடர்கள் என்றார்கள். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தண்டனை பெற்றார்கள். சிலர் சிறை போனார்கள், வீட்டை இழந்தார்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. "கணினியில் பிழை இருக்கிறது" என்று அவர்கள் கதறினார்கள். அந்தக் காலத்தில்தான் இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள்: கணினி சரியாக இயங்கியது என்று வழக்குத் தொடுப்பவர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற பிரிவை 1999-இல் நிறைவேற்றிய சட்டத்தால் நீக்கிவிட்டார்கள். அதன்பின் கணினி சரி என்றே நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தெரிந்த பிழைகளின் பதிவேடு ஒன்று ஃபுஜிட்சுவிடம் இருந்தது; குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அதைக் காட்டவில்லை. ஆலன் பேட்ஸ் என்ற அஞ்சலகக்காரர் தலைமையில் போராடி, 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் மென்பொருளின் பிழைகள் வெளிச்சத்துக்கு வந்தன. 2024-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் செய்து தண்டனைகளை நீக்கியது. அந்தப் பதிவேட்டை முதல் வழக்கிலேயே திறந்து வைத்திருந்தால் இத்தனை குடும்பங்கள் சிதைந்திருக்குமா?

நம் நாட்டில் கொள்கை இல்லாமல் இல்லை. 2015-இல் மத்திய அரசு அரசு அலுவலகங்களில், மூலநிரலை யாரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தும் கொள்கையை வெளியிட்டது. அரசு செயலிகளின் மூலநிரலைத் திறந்து வைக்கும் கொள்கை ஒன்றும் அதே ஆண்டில் வந்தது. தாளில் இருக்கிறது. அது நகராட்சி அலுவலகம்வரை, கூட்டுறவுக் கடன் சங்கம்வரை இறங்கி வர வேண்டும்.

அவசரம் என்ன என்று கேட்கிறீர்கள். தேதிக் கோளாறு 2000-க்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். 1996 டிசம்பர் 31 அன்று, அந்த நெட்டாண்டின் 366-ஆம் நாளை அறியாத நிரலால், நியூசிலாந்தின் டிவாய் பாயிண்ட் அலுமினிய உருக்காலையில் கட்டுப்பாட்டுக் கணினிகள் ஒரே நேரத்தில் நின்றன. இரண்டு மணி நேரம் கழித்து, கடிகாரம் பின்தங்கிய ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்ள உருக்காலையிலும் அதே கதை. அதே நியூசிலாந்தில் 2024 பிப்ரவரி 29 அன்று தானியங்கி பெட்ரோல் நிலையங்களில் அட்டையை ஏற்காமல் இயந்திரங்கள் மணிக்கணக்கில் முடங்கின. 2010 புத்தாண்டில் ஜெர்மனியில் ஏறத்தாழ மூன்று கோடி வங்கி அட்டைகள், சில்லுக்குள் இருந்த நிரல் 2010 என்ற ஆண்டைச் சரியாகப் படிக்காததால், தடுமாறின. ஒவ்வொரு முறையும் விளக்கம் ஒரே வரிதான்: "தொழில்நுட்பக் கோளாறு." செய்தவர் பெயர் இல்லாத கோளாறு.

மாணவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. பொங்கல் முடிந்த சில நாட்களில். இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. யூனிக்ஸ் என்ற இயக்க மென்பொருளின் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டு வருகின்றன. 32 பிட் இடத்தில், அதாவது 0 அல்லது 1 மட்டும் அடங்கும் 32 சிறு கட்டங்களில், எண்ணும் நிரல்களுக்கு அன்று 2,147,483,647 என்ற எண்ணோடு இடம் முடிந்துவிடும். அடுத்த நொடி அது குறை எண்ணாக மாறி, இயந்திரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய கணினிகள் பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. மீட்டர்களிலும் பம்புகளிலும் தொழிற்சாலைக் கருவிகளிலும் புதைந்திருக்கும் சிறு கணினிகள்தாம் கவலை. 2038 வரட்டும் பார்க்கலாம் என்று இருக்கவும் முடியாது. இருபது ஆண்டு வீட்டுக்கடனின் கடைசித் தவணை இப்போதே அந்தத் தேதியைத் தாண்டுகிறது. மிச்சிகன் கடைக்கு 2000 முன்கூட்டியே வந்ததைப் போல, 2038-உம் நம் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது.

காப்பீட்டு நிறுவனங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்தேன். ஒய்2கே திருத்தச் செலவைக் காப்பீட்டிலிருந்து கேட்டு ஜிடிஇ போன்ற பெரிய நிறுவனங்கள் நீதிமன்றம் போனதும், தோற்றதும் தனிக் கூட்டத்துக்கு உரிய பொருள். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருடைய பொறுமைக்கு நன்றி.

வாசகர் வட்டத்தின் சார்பில் ஒரு தீர்மானம் வரைந்திருக்கிறோம். நம் நகராட்சி, கூட்டுறவுச் சங்கங்கள், அரசு மருத்துவமனை ஆகியவற்றுக்கு மூன்று கேள்விகள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் 2038 ஜனவரி 19-ஐத் தாண்டுமா? அதன் மூலநிரல் யாரிடம் இருக்கிறது? அதைத் திருத்த உத்தரவிடும் அதிகாரம் எந்தப் பதவியில் இருப்பவருக்கு உண்டு? பதில் வராவிட்டால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடுவோம். மனுவின் மாதிரியும் தயாராக இருக்கிறது. கையெழுத்துத் தாள்கள் நூலகத்தின் நாளிதழ் மேசையில் உள்ளன. பாலிடெக்னிக் மாணவர்களில் கோபோலோ சி மொழியோ தெரிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். திறந்து காட்ட முன்வரும் அலுவலகங்களில் தேதி வரும் இடங்களைச் சரிபார்க்க ஒரு குழு வேண்டும். முதல் கையெழுத்தை வணிகர் சங்கத் தலைவர் அவர்கள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைப் பேனாவோடு மேசைக்கு வருமாறு அழைக்கிறேன். நன்றி, வணக்கம்.